சுவரோரம் மாஸ்டருக்கு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: தோல் டாக்டரம்மா. அவருக்குப் பின்னால் படிக்கிற டாக்டர்கள் நாலு பேர், மூணு பெண்கள், ஒரு பையன். சீட்டு வாங்கி அடுக்குகிற நர்ஸ் அக்கா. கதவைப் பிடித்துக்கொண்டு வரிசையை ஒழுங்கு பண்ணுகிற ஊழியர். என் மனைவி செல்வி. நான்.

இடம், மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி, தோல் பிரிவு. என்னைக் கண்ணை மூடச் சொன்னார்கள். டாக்டரம்மா பஞ்சைத் திரித்து என் உடம்பில் அங்கங்கே தொட்டார். தொட்ட இடத்தை நான் விரலால் காட்ட வேண்டும். தாடை, காது மடல், முழங்கை, முதுகு. தொட்டதையெல்லாம் காட்டினேன்.

"ஒண்ணு கூடத் தப்பலை. அப்ப இது அது இல்ல" என்றார்.

அது என்றால் தொழுநோய். அந்தச் சந்தேகத்தில்தான் என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். தொழுநோய் என்றால் வெளுத்த இடத்தில் உணர்ச்சி இருக்காதாம். எனக்கு இருந்தது. பின்னால் செல்வி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"அப்ப என்னங்க இது?" என்று நான் கேட்டேன்.

"அதைத்தான் இனிமே பார்க்கணும்" என்றார்.

நான் எட்டாவது வரை படித்தவன். டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. என்னை மாதிரி வடக்கே போய் அடுப்படியில் நிற்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அவர்களில் யாருக்காவது இது ஆகலாம் என்றுதான் எழுதுகிறேன்.

என் தொழில் முறுக்கு. எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் வடநாடு முழுக்க முறுக்குக் கம்பெனி வைத்திருக்கிறார்கள். கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கொட்டகை, ரெண்டு அடுப்பு, ஏழெட்டு ஆள். காலையில் மாவு பிசைந்து, பிழிந்து, பொரித்து, பாக்கெட் போட்டு, சைக்கிளில் கடை கடையாகப் போடுகிற லைனுக்கு அனுப்புவது. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறவனை மாஸ்டர் என்போம். நான் பீகாரில் ஒரு சின்ன டவுனில் பதினொரு வருஷம் மாஸ்டராக இருந்தேன்.

சட்டிக்கு முன்னால் நிற்கிறவனுக்குத் தோல் தோலாக இருக்காது. முகத்திலும் கையிலும் எண்ணெய் தெறித்த புள்ளி, அனல் பட்ட கறுப்பு, வேர்வைத் தேமல், எல்லாம் வரும். அடுப்படித் தேமல் என்போம். மாஸ்டர் என்பதற்கு அதுவே அடையாளம். எனக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் தாடையில் வெள்ளையாக ஒன்று வந்தது. பிறகு கழுத்தில், கையில், முதுகில். அரிப்பு இல்லை, வலி இல்லை. அடுப்படித் தேமல் என்று விட்டுவிட்டேன். கூட இருந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். இந்தத் தப்பை எங்கள் தொழில்காரர்கள் மட்டும்தான் செய்வோம். வேறு யாராக இருந்தாலும் கண்ணாடியைப் பார்த்துப் பயந்திருப்பார்கள்.

தேமலோடு இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன். பிறகு முழங்கால் நிற்கவிடவில்லை. சட்டியை என் மச்சினன் காசியிடம் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன். காசி செல்வியின் தம்பி. அவனை அந்தத் தொழிலுக்குக் கூட்டிப்போனதும் நான்தான்.

ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாயங்காலக் கடை போட்டேன். சேவு, முறுக்கு, காராபூந்தி. நன்றாகத்தான் ஓடியது. இதற்குள் தாடையிலும் காது மடலிலும் சின்னச் சின்ன முடிச்சு வந்துவிட்டது, மிளகு அளவில். ஒரு நாள் ஒரு அம்மா அரைக் கிலோ சேவு கேட்டது. நான் நிறுக்கும்போது என் கையைப் பார்த்தது. முகத்தைப் பார்த்தது. "இந்தா வாரேன்" என்று போனது. வரவில்லை. அடுத்த வாரம் இன்னும் மூணு பேர் அப்படிப் போனார்கள். கடையை எடுத்துவிட்டேன்.

உள்ளூர் டாக்டர் தேமல் களிம்பு கொடுத்தார். மூணு மாதம் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி.

பஞ்சு வைத்துப் பார்த்த அன்றைக்கே காது மடலில் ஊசி குத்தி மரக்கவிட்டு, பிளேடால் சின்னதாகக் கீறி, ஊறிய நீரைக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டார்கள். ரத்தம் அதிகம் வராது. வலியும் அதிகம் இல்லை. தொழுநோய்க் கிருமிக்கு ஒரு சாயம் உண்டாம். அதைப் போட்டுப் பார்த்ததில் எதுவும் இல்லை என்று மறுவாரம் சொன்னார்கள்.

அப்போதுதான் டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். எங்கே வேலை பார்த்தீங்க. எத்தனை வருஷம். அங்க காய்ச்சல் வந்துச்சா.

வந்தது என்றேன். டைபாய்டு என்றேன். செல்விக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

எத்தனை நாள் காய்ச்சல் என்றார். ஒன்றரை மாதம் என்றேன். வயிறு உப்பியதா என்றார். இடது பக்கம் கல் மாதிரி இருந்தது என்றேன். என்ன வைத்தியம் என்றார். விரலில் குத்தி ஒரு சின்னப் பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பார்த்தார்கள், பிறகு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் ஒரே நாள், ஒரே பாட்டில் மருந்து ஏற்றினார்கள், அதோடு சரியாகிவிட்டது என்றேன்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

"டைபாய்டுக்கு யாரும் ஒரு நாள் பாட்டில் ஏத்தி அனுப்ப மாட்டாங்களே. அங்க அதுக்கு என்ன பேர் சொன்னாங்க?"

"காலா ஆஜார்னு சொன்னாங்க."

"இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"அது வயித்துல வந்தது. அது முடிஞ்சுபோச்சு. இது தோல்ல வந்திருக்கு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சேன்."

படிக்கிற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா? இப்படித்தான் சொல்வாங்க. நாமதான் கேக்கணும்" என்றார். அதில் என்னைக் குறை சொல்லவில்லை.

காலா ஆஜார் (கறுங்காய்ச்சல், மண்ணீரலும் கல்லீரலும் வீங்கி, ரத்தம் குறைந்து, ஆள் மெலிந்து கறுத்துப்போகும் நோய்). லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியால் (இன்னொரு உயிருக்குள் இருந்து பிழைக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்) வருவது. காய்ச்சல் சரியான பிறகும் சிலருக்கு மிச்சம் மீதி தோலில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வருஷம் கழித்து, ரெண்டு வருஷம் கழித்து, தேமலாக, முடிச்சாக எழும்பும். உடம்புக்கு ஒன்றும் செய்யாது. சாப்பிடலாம், உழைக்கலாம். எனக்கு இருந்தது அதுதான் என்று சந்தேகப்பட்டார்கள். நிச்சயம் செய்ய மறுபடி கீறி எடுத்து, வேறு சாயம் போட்டார்கள்.

படிக்கிற டாக்டர்களில் ஒரு பெண், பெயர் ஜெனிபர், மதுரைக்குப் பக்கத்தில் பரவைக்காரப் பொண்ணு. அம்மாவும் அப்பாவும் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர்களாம். அதனாலோ என்னவோ கேட்டால் அலுக்காமல் சொல்லும். தகட்டை அதுதான் பார்த்தது. ரிசல்ட் சொல்ல வந்தபோது முகம் சந்தோஷமாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்துவிட்டு அதை மறைத்துக்கொண்டது.

"கிடைச்சிருச்சாம்மா?"

"கிடைச்சிருச்சுண்ணே."

"நான் பார்க்கலாமா?"

இதுவரை எந்த நோயாளியும் இப்படிக் கேட்டதில்லை என்றது. டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு வந்து என்னை லேபுக்குக் கூட்டிப்போனது. செல்வி வரவில்லை. தனக்குப் பார்க்க வேண்டாம் என்றாள்.

மைக்ராஸ்கோப்பில் தகட்டின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்கள். எண்ணெய் விட்டால்தான் ரொம்பச் சின்னது தெரியுமாம். என்ன எண்ணெய் என்று கேட்டேன். தேவதாரு மரத்து எண்ணெய் என்றது. மோந்து பார்க்கலாமா என்றேன். சிரித்துக்கொண்டே பாட்டிலைக் கொடுத்தது. பென்சில் சீவின வாசம். பொரிக்க ஆகாது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. என் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு கண் பழகியது. ஊதாவும் ரோஸும். பெரிதாகக் கிழிந்த மாதிரி ஒரு வட்டம். அதற்குள் சின்னச் சின்னதாக உருண்டை. மாவுக்குள் எள் கிடக்கிற மாதிரி. ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் ஒரு பொட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. பொட்டும் கோடும் சேர்ந்து இருந்தால்தான் அது என்று ஜெனிபர் சொன்னது. எண்ணிப் பார்த்தேன். அந்த ஒரு வட்டத்துக்குள் பதினெட்டு வரைக்கும் எண்ணினேன். பிறகு குழம்பிவிட்டது.

எனக்குப் பயம் வரவில்லை. இம்புட்டு நாள் என்னோடு இருந்தது இதுதானா என்று இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தேன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள்.

அந்தப் பெரிய வட்டம் என்ன என்று கேட்டேன். அது என் உடம்பு அணுதான் என்றது. மேக்ரோபேஜ் (கிருமியைக் கண்டால் விழுங்கித் தின்கிற காவல் அணு). விழுங்கி, தனக்குள் ஒரு பைக்குள் போட்டு, அமிலம் விட்டுக் கரைக்கும். எல்லாக் கிருமியும் அதில் கரைந்துபோகும். இது கரையாது. அந்தப் பைக்குள்ளேயே உட்கார்ந்து பெருகும்.

"கரைக்கிற இடத்துல போய் எப்படிம்மா உயிரோட இருக்கு?"

ஜெனிபர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டியது. இந்த ஒட்டுண்ணியைச் சுமந்து வருவது ஒரு வகை ஈ; அதன் வயிற்றில் இருக்கும்போது இது நீளமாக, வாலோடு இருக்கும். வாலை ஆட்டி நீந்தும். ப்ரோமாஸ்டிகோட் என்று பெயர். ஈ நம்மைக் கடிக்கும்போது எச்சிலோடு உள்ளே வரும். அதன் மேல் சர்க்கரையும் கொழுப்பும் கோத்த ஒரு பூச்சு இருக்கிறது. காவல் அணு விழுங்கியதும் அந்தப் பூச்சு, அமிலப் பை உடனே வேலை செய்யவிடாமல் கொஞ்ச நேரம் தடுக்கும். அந்த நேரத்துக்குள் இது வாலை உள்ளே இழுத்து உருண்டையாகிவிடும். ஈயின் உடம்பு குளிர்ச்சி, நம் உடம்பு சூடு. சூடும் புளிப்பும்தான் அதற்கு அடையாளம், வந்து சேர்ந்துவிட்டோம் என்று. உருண்டையான பிறகு புளிப்புதான் அதற்குச் சுகம். அமாஸ்டிகோட் என்று பெயர். இந்த ரெண்டு பெயரையும் என் நோட்டில் அந்தப் பொண்ணே எழுதிக் கொடுத்தது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

எனக்கு இது புரிந்தது. மாவு எண்ணெயில் விழுந்ததும் முதலில் மேல்தோல் பிடிக்கும். தோல் பிடித்துவிட்டால் எண்ணெய் உள்ளே போகாது. தோல் பிடிக்காத மாவு எண்ணெயைக் குடித்துக் கரைந்துபோகும். இதைச் சொன்னேன். ஜெனிபர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிட்டத்தட்ட அப்படித்தாண்ணே" என்றது.

அப்ப பீகாரில் ஏற்றின பாட்டில் என்ன செய்தது என்று கேட்டேன். காளானுக்கு மேல்தோலில் ஒரு வகைக் கொழுப்பு உண்டு. இதற்கும் அதே வகைதான். மனுஷனுக்கு வேறு வகை. அந்த மருந்து காளான் வகைக் கொழுப்பாகத் தேடிப்போய் ஒட்டி, ஓட்டை போடும். உள்ளே இருப்பது ஒழுகிச் செத்துப்போகும். வயிற்றில் இருந்தது அப்படிச் செத்தது. தோலில் கொஞ்சம் தப்பித்திருக்கிறது.

பிறகு ஜெனிபர் என்னிடம் கேட்டது. ஈ எப்படிக் கடித்தது, எங்கே படுப்பீர்கள்.

ஈ என்றால் வீட்டு ஈ இல்லை. மணல் ஈ (கொசுவில் கால்வாசி இருக்கிற, சத்தம் போடாத பூச்சி). உயரப் பறக்காது, தத்தித் தத்திப் போகும். மண் சுவர் வெடிப்பிலும் மாட்டுக் கொட்டத்து ஈரத்திலும் இருக்கும். இருட்டினால் வெளியே வரும்.

நான் சொன்னேன். எங்கள் கொட்டகை மண் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரரின் எருமைகள். எல்லாரும் தரையில் பாய் போட்டுப் படுப்போம். நாள் பூராவும் அனலில் நிற்கிறவன் மாஸ்டர் என்பதால், சில்லென்று இருக்கிற சுவரோரம் மாஸ்டருக்கு. அடுத்த இடம் மாவு பிசைகிறவனுக்கு. புதிதாக வந்தவன் வாசல் பக்கம். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதுதான் வழக்கம். அந்த இடத்துக்குச் சண்டையே நடக்கும் என்று கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

ஜெனிபர் பேனாவை வைத்துவிட்டது.

"இப்ப அந்த இடத்துல யார்ணே படுக்குறாங்க?"

"என் மச்சினன்."

"உங்களுக்குத் தேமல் வந்த பிறகு, நீங்க அங்க ரெண்டு வருஷம் இருந்திருக்கீங்க. அவரும் கூட இருந்தாரா?"

"பக்கத்துப் பாய்."

அது டாக்டரம்மாவைக் கூட்டிவந்தது. டாக்டரம்மாதான் இதைச் சொன்னார். தோலில் இருப்பது எனக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் ஈ வந்து என் தேமலில் கடித்தால் இதை எடுத்துக்கொள்ளும். ஈயின் வயிற்றில் மறுபடி வால் முளைக்கும், பெருகும். அடுத்து யாரைக் கடிக்கிறதோ அவர்களுக்குள் போகும். காய்ச்சல்காரன் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவான். என்னை மாதிரி ஆள் நன்றாக நடமாடிக்கொண்டு, வருஷக் கணக்காக ஈக்கு ஊட்டிக்கொண்டிருப்பான்.

தொட்டால் வராது. சாப்பாட்டில் வராது. நடுவில் ஈ வேண்டும். அந்த ஈ மதுரைப் பக்கமும் இருக்கிறது, நோய்தான் இல்லை என்றார். அதனால் மருந்து முடியும்வரை நெருக்கக் கண்ணி உள்ள வலைக்குள் படுக்கச் சொன்னார். சாதாரணக் கொசு வலையில் மணல் ஈ நுழைந்துவிடுமாம்.

"உங்க மச்சினன் எப்படி இருக்கார்?" என்று கடைசியாகக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாக அவனுக்குக் காய்ச்சல். போனில் சொல்லியிருந்தான். டைபாய்டு, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன் என்றான். நானும் சரி என்று விட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றே காசிக்குப் போன் போட்டேன். சட்டி இரைகிற சத்தம் கேட்டது.

"என்ன மச்சான், உங்களைக் கண்ணாடிக்குள்ள போட்டுப் பார்க்குறாங்களாமே? அக்கா சொல்லுச்சு."

"காய்ச்சல் எப்படி இருக்கு?"

"அது பாட்டுக்கு வருது, போகுது. தீபாவளிச் சரக்கு ஓடுது மச்சான். காய்ச்சலைப் பார்க்க நேரமில்ல."

"மாப்ள, சட்டியை வேற ஆள்கிட்டக் குடுத்துட்டுத் தள்ளி வா. இடது விலாவுக்குக் கீழ கையை வச்சு அமுக்கு."

"எதுக்கு?"

"அமுக்குடா."

"தொப்பை மச்சான். ஓசி முறுக்குத் தின்னா தொப்பை போடாதா?"

"மெத்துன்னு இருக்கா, கல்லு மாதிரி இருக்கா?"

சட்டைத் துணி உரசுகிற சத்தம் கேட்டது.

"கல்லாத்தான் இருக்கு மச்சான்" என்றான்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். தீபாவளி முடியட்டும் என்றான். முடியாது என்றேன். முதலாளி விட மாட்டார் என்றான்.

செல்வி பக்கத்தில்தான் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். பஸ்ஸில் ஏறினோம். திருமங்கலம் தாண்டியதும் கேட்டாள்.

"என் தம்பிக்கு நீங்கதான் குடுத்தீகளா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"இருக்கலாம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்போது என் மருந்துப் பையை அவள்தான் எடுத்துக்கொண்டாள்.

முதலாளிக்குப் போன் போட்டுப் பேசினேன். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். காசியை அனுப்பச் சொன்னேன். மற்றவர்களுக்கும் விரலில் குத்திப் பார்க்கணும், சுவருக்கு மருந்து அடிக்கணும் என்றேன். பண்டிகை நேரத்தில் கம்பெனியில் நோய் என்று பேச்சு வந்தால் ஒரு பாக்கெட் விற்காது என்றார். பண்டிகை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னதில் ஞாயம் இல்லாமல் இல்லை. என் கடைக்கு ஆனது எனக்குத் தெரியும்.

ஆனால் காலா ஆஜாரைக் கவனிக்காமல் விட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

எனக்குப் பாட்டில் ஏற்றினபோது கொடுத்த அட்டை ரேஷன் கார்டோடு இருந்தது. அதில் கொட்டகை இருந்த தெருவைப் பார்க்கிற சுகாதாரப் பணியாளர் அம்மாவின் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். நாலு வருஷம் ஆகியும் என்னை ஞாபகம் வைத்திருந்தது. எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். முறுக்குக் கொட்டகை, எருமைக்கார வீடு, என் மச்சினன், ஒரு மாதக் காய்ச்சல். எனக்குத் தோலில் வந்திருப்பதையும் சொன்னேன். அதை மட்டும் கடைசியில்தான் சொன்னேன்.

மறுநாள் காலையில் அந்த அம்மா ஆளோடும் ரத்தம் பார்க்கிற பட்டையோடும் கொட்டகைக்குப் போய்விட்டது. காசியின் மண்ணீரல் ஆறு விரல் இறங்கியிருந்ததாம் (விலாவுக்குக் கீழே எத்தனை விரல் அகலம் கைக்குத் தட்டுப்படுகிறது என்று அளப்பார்கள்). ரத்தம் பாதிதான் இருந்தது. நடந்து ஆட்டோவில் ஏறினவன் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிட்டான். முதலில் ரத்தம் ஏற்றினார்கள். பிறகு பாட்டில்.

கம்பெனியை நாலு நாள் மூடினார்கள். முதலாளி போன் போட்டு, இனிமேல் எந்த அடுப்பிலும் உனக்கு வேலை இல்லை, நம்ம பக்கத்துக் கம்பெனி எல்லாத்துக்கும் சொல்லிட்டேன் என்றார். சரி என்றேன்.

என் மருந்து சர்க்கார் மூலமாக வர ஆறு வாரம் ஆனது. மில்டிபோசின் என்ற மாத்திரை (ஒட்டுண்ணியின் மேல்தோல் கொழுப்பைக் குலைத்துவிடும்). காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, பன்னிரண்டு வாரம். இதே நோய் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன்: வெறும் வயிற்றில் போடாதீர்கள். முதல் ரெண்டு வாரம் வாந்தி வரும். அதற்காக விட்டுவிடக் கூடாது. பாதியில் விட்டால் மிச்சம் இருப்பது மருந்துக்குப் பழகிவிடும். கண் சிவந்தால், பார்வை மங்கினால், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எனக்கு எட்டாவது வாரம் கண் சிவந்தது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, தொடரலாம் என்றார்.

செல்வி ரெண்டு பழைய, மெல்லிசான வாயில் துணிச் சேலையைச் சேர்த்து வலையாகத் தைத்தாள். அதற்குள்தான் படுத்தேன். காற்று வராது. பத்து நாள் என்னிடம் சாப்பிடுங்க, மாத்திரை, இந்த ரெண்டைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. காசி பாட்டில் ஏற்றின நாலாம் நாள் போனில் தயிர்ச்சோறு கேட்டானாம். அதைச் சொல்ல வந்தபோதுதான் வலைக்கு வெளியே உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் இருந்தாள்.

அடுத்த முறை மதுரை போனபோது டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டேன். காசிக்குப் போனது என்னிடமிருந்துதானா என்று. கைரேகை மாதிரி அதற்கும் ஏதாவது இருக்குமா, ரெண்டையும் வைத்துப் பார்த்தால் தெரியுமா என்று கேட்டேன்.

"ரேகை இருக்கு. ஆனா அந்த ஊர்ப்பக்கம் எல்லார்கிட்டயும் இருக்கிறது கிட்டத்தட்ட ஒரே ரேகை. பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார்.

"அப்ப தெரியாமலே போயிருமா?"

"உங்களுக்குக் குடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அதை நான் நினைத்ததே இல்லை. எனக்கும் யாரோ கொடுத்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் அந்தச் சுவரோரம் படுத்த மாஸ்டராக இருக்கலாம். அவர் முகத்திலும் புள்ளி இருந்தது. அதை நாங்கள் எல்லாரும் அடுப்படித் தேமல் என்றுதான் சொன்னோம். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. எதனால் செத்தார் என்று கேட்கவில்லை.

மாத்திரை முடிந்து ஏழு மாதம் ஆகிறது. முடிச்சு அமுங்கிவிட்டது. மறுபடி கீறிப் பார்த்ததில் உருண்டை எதுவும் இல்லை. ஜெனிபர் என்னைக் கூப்பிட்டுக் காட்டியது, வெறும் ஊதாவை. வெளுப்பு இன்னும் போகவில்லை. நிறம் திரும்ப ஒரு வருஷம் ஆகலாம், அதற்கும் மேலேயும் ஆகலாம். நிறத்தை வைத்து நோய் இருக்கிறதா என்று சொல்ல முடியாதாம். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. நான் மறுபடி கடை போடவில்லை. மாவு பிசைந்து வேறு கடைக்குக் கொடுக்கிறேன்.

காசி ஊருக்கு வந்து ரெண்டு மாதம் ஆகிறது. பதினோரு கிலோ ஏறிவிட்டான். அவனையும் அடிக்கடி சட்டையைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். "மச்சான், மாடு வாங்கப்போற ஆள் மாதிரிப் பார்க்காதீங்க" என்கிறான். பார்க்கத்தான் வேண்டும். அவனுக்கு வருவதாக இருந்தால் அடுத்த வருஷம் வரும், இல்லை அதற்கடுத்த வருஷம்.

முன்னெல்லாம் உடம்பில் ஒன்று வந்தால் நேற்று என்ன சாப்பிட்டோம், எங்கே போனோம் என்று யோசிப்பேன். இப்போது மூணு வருஷத்துக்கு முன்னால் எங்கே படுத்தோம், பக்கத்தில் யார் என்று யோசிக்கிறேன். காய்ச்சல் விட்ட நாளை முடிந்த நாள் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு எதுவும் முடியவில்லை. கண்ணாடி பார்க்கும்போது முகம் எனக்கு மட்டும் உள்ளதாகத் தெரிவதில்லை. இந்தத் தோலில் ஒரு பூச்சி உட்கார்ந்துவிட்டு எழுந்துபோய், எனக்குப் பெயர் தெரியாத வீட்டுக்குள் நுழைந்திருக்கலாம். அந்தத் தெருவில் பிள்ளைகள் இருந்தார்கள். சுகாதார அம்மா வீடு வீடாகப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறது.

என்னால் முடிந்தது எங்கள் ஆட்களைத் தேடுவது. தேமல் வந்த பிறகு அந்த ரெண்டு வருஷத்தில் என்னோடு கொட்டகையில் படுத்தவர்கள் பெயரை யோசித்து யோசித்து எழுதினேன். இப்போது சிலர் சூரத்தில், சிலர் நாக்பூரில், ரெண்டு பேர் ஊரில் ஆடு மேய்க்கிறார்கள். எல்லாருக்கும் போன் போட்டேன். சிலர் திட்டினார்கள். ஒருத்தர் சிரித்தார். ஆனாலும் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்.

எழுதின பெயர் பதினேழு. விரலில் குத்திப் பார்த்துக்கொண்டவர்கள் பதினாறு. ஒருத்தர் நம்பர் மாறிவிட்டது, அவருடைய தங்கச்சி ஊரைக் கண்டுபிடித்திருக்கிறேன். நோய் இருந்தவர்கள், காசியோடு சேர்த்து, மூன்று.